வாளைக் காக்கும் செம்பு

(பழைய மாணவி ஒருவர் எழுதியது)

"பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும்" என்று சகோதரி தொலைபேசியில் கேட்டபோது, "வாளைப் பற்றி எழுதட்டுமா?" என்று நான் கேட்டேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பெண்கள் படிக்கும் பள்ளியின் மலரில் வாளுக்கு என்ன வேலை என்று அவர்கள் நினைத்திருக்கக் கூடும். "பயப்படாதீர்கள், சிஸ்டர். வாளில் வெட்டும் பகுதியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, வெட்டாத ஒரு பகுதியைப் பற்றித்தான்" என்றேன். அவர்கள் சிரித்துவிட்டு இசைந்தார்கள். அன்புத் தங்கைகளே, அந்தத் துணிவில்தான் இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

2011-ஆம் ஆண்டு என் கணவருக்கு ஜப்பானில் உள்ள நகோயா நகரத்துக்கு வேலை மாற்றல் கிடைத்தது. பிள்ளைகள் இருவரும் கல்லூரி விடுதிக்குச் சென்றுவிட்டதால் நானும் உடன் புறப்பட்டேன். மொழி தெரியாது, முகம் தெரிந்தவர் எவருமில்லை. முதல் சில மாதங்கள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலவே இருந்தன.

நகோயாவுக்கு வடக்கே, கிஃபு மாநிலத்தில் செக்கி என்று ஓர் ஊர் இருக்கிறது. சுமார் 700 ஆண்டுகளுக்கு முன்பே வாள் செய்யும் கொல்லர்கள் குடியேறித் தொழில் நடத்திய ஊர் அது. இப்போது அங்கே சமையலறைக் கத்தியும், கத்தரிக்கோலும், சவரக் கத்தியும் செய்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். பழைய வாள் தொழிலை மக்கள் பார்த்து அறிவதற்காக ஒரு காட்சிக்கூடமும் அங்கே உண்டு. ஒரு விடுமுறை நாளில் நாங்கள் இருவரும் அதைக் காணச் சென்றோம்.

வெள்ளுடை அணிந்த கொல்லர்கள் மூவர், பழுக்கக் காய்ந்த இரும்பைச் சம்மட்டியால் மாறி மாறி அடித்தனர். தீப்பொறி மத்தாப்புப் போலச் சிதறியது. கூட்டம் முழுவதும் அங்கேதான். எல்லோர் கையிலும் புகைப்படக் கருவி. எனக்கோ அந்தப் பெரிய ஓசைக்கிடையே வேறொரு சிறிய ஓசை கேட்டது. 'டக், டக், டக்' என்று, பல்லி சொல்வது போல. அந்த ஓசையோடு வளர்ந்தவள் நான். அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனேன்.

மூலையில் ஒரு தாழ்ந்த பலகையின் முன் முதியவர் ஒருவர் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார். அவரைச் சுற்றி ஒருவருமில்லை. கையில் கட்டைவிரல் பருமனில் ஒரு செப்புத் துண்டு. அருகே சிறு சுத்தியல், நான்கைந்து அரங்கள், ஒரு கிண்ணத்தில் வெண்மையான பொடி. அந்தப் பொடியைக் குழைத்துச் செம்பின் மீது தடவித் தீயில் காட்டினார். அது பொங்கி நுரைத்தது. வெங்காரம்! நம் ஊர்ப் பொற்கொல்லர் பட்டறையில் இருக்கும் அதே வெங்காரம். கடல் கடந்து வந்து உறவினரைச் சந்தித்தது போல என் கண்கள் கலங்கிவிட்டன. அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அவர் செய்துகொண்டிருந்த பொருளுக்கு 'ஹபாகி' என்று பெயர். ஜப்பானிய வாளின் அலகு கைப்பிடியைத் தொடும் இடத்தில், அலகின் அடியைச் சுற்றிக் கவ்வி நிற்கும் ஓர் உலோக உறை அது. நீளம் ஏறத்தாழ ஓர் அங்குலந்தான். பழங்காலத்தில் இரும்பாலும் செய்தார்கள். பின்னாளில் செம்பே பெருவழக்காயிற்று. செல்வர்கள் வெள்ளியிலும் பொன்னிலும் செய்வித்துக் கொண்டனர்; செம்பின் மேல் பொற்தகடு போர்த்துவதும் உண்டு. பழைய ஜப்பானிய மொழியில் 'ஹபாகி' என்ற அதே ஒலி, வழிநடப்போர் முழங்காலுக்குக் கீழே சுற்றிக்கொள்ளும் துணியையும் குறிக்கும்.

இவ்வளவு சிறிய பொருளால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அதன் வேலையை அறிந்தால் வியப்படைவீர்கள். வாளின் உறை மரத்தால் ஆனது. மாக்னோலியா இனத்து மென்மரம் ஒன்றைக் குடைந்து செய்வார்கள். உறையின் வாய்க்குக் 'கோய்குச்சி' என்று பெயர். கெண்டை மீனின் வாய் என்று பொருள். அந்த மீன்வாய் ஹபாகியை மட்டுமே இறுகக் கவ்வும். அலகின் மற்ற பகுதி உறையின் உட்சுவரில் உரசாமல் நிற்கும். ஆகவே தீட்டிய முகம் கீறல் படாது. வாய் இறுக மூடியிருப்பதால் ஈரக்காற்றும் எளிதில் உள்ளே புகாது. உறையைச் சற்றுக் கவிழ்த்தாலும் வாள் தானாக நழுவி விழாது. வீட்டில் குழந்தைகள் நடமாடும்போது இது எத்துணைப் பெரிய பாதுகாப்பு! வாளை உருவ வேண்டுமானால் முதலில் கட்டைவிரலால் கைக்காப்புத் தட்டை மெல்லத் தள்ளி, மீன்வாயின் பிடியைத் தளர்த்த வேண்டும். நினைத்தவுடன் உருவ முடியாதபடி வாளை ஒரு நொடி தடுத்து நிறுத்துவதும் இந்தச் செப்புத் துண்டுதான்.

செம்பை ஏன் தேர்ந்தார்கள்? எஃகைவிடச் செம்பு மென்மையானது. அது தான் தேய்ந்தாலும் தேயுமே தவிர, அலகைக் கீறாது. இரும்பைப் போலத் துருப்பிடித்து உதிர்வதும் இல்லை.

இந்த வேலையைச் செய்வோரை 'ஷிரோகானேஷி' என்பார்கள். 'ஷிரோகானே' என்றால் வெள்ளி. ஒரு வாள் உருவாகப் பலர் கை சேர வேண்டும். கொல்லர் அலகை அடித்துத் தருவார். தீட்டுபவர் அடிப்படைத் தீட்டலைச் செய்வார். அதன் பின்பு ஹபாகி செய்பவர் கைக்கு வாள் வரும். அவருக்கு அடுத்தே உறை செய்பவர். கடைசியில் மீண்டும் தீட்டுபவரிடம் சென்று மெருகு பெறும். அலகில் கொல்லரின் பெயர் பொறித்திருக்கும். செப்புத் துண்டைச் செய்தவர் யாரென்று கேட்பார் அரிது.

1876-ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு, பொதுமக்கள் இடையில் வாள் அணிவதைத் தடை செய்தது. இத்தொழிலை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பல, அலங்காரப் பெட்டி, பூச்சாடி போன்றவை செய்யத் திரும்பின. 1945-இல் போர் முடிந்ததும் வாள் செய்வதே சில ஆண்டுகள் நின்று போயிற்று. 1953-இல்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இத்தனைக்கும் பிறகு அந்தச் சிறிய சுத்தியலின் ஓசை இன்றும் அங்கே கேட்கிறது என்றால், யாரோ சிலர் பொறுமையோடு அதைக் கைவிடாமல் இருந்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

அந்த முதியவரிடம் நான் மாணவியாகச் சேர்ந்தேன். எங்கள் பக்கத்து வீட்டு அம்மையார் எனக்காகப் பேசி அனுமதி பெற்றுத் தந்தார். சனிக்கிழமைதோறும் செக்கியில் அவர் வீட்டுக்குப் பின்புறமிருந்த கொட்டகைக்குச் செல்வேன். 'சென்செய்' என்று அழைப்பேன். ஆசிரியர் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த ஜப்பானியச் சொற்கள் அப்போது ஐம்பது இருந்தால் அதிகம். ஆனால் அரமும் சுத்தியலும் பேசும்போது மனிதர் அதிகம் பேச வேண்டியதில்லை.

ஜப்பானில் கலைப்பொருளாகப் பதிவு செய்யப்பட்ட வாளைத்தான் வீட்டில் வைத்திருக்கலாம்; 1958-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. புதிதாகப் பழகுகிறவள் கையில் அத்தகைய வாளைத் தருவார்களா? கூர் ஏற்றாத ஓர் இரும்புத் துண்டை, வாளின் அடிப்பகுதி போல வடிவமைத்து எனக்குக் கொடுத்தார். அலகு முடிந்து, கைப்பிடிக்குள் செல்லும் காம்பு தொடங்கும் இடத்தில் முதுகுப் பக்கம் ஒன்றும், கூர்ப் பக்கம் ஒன்றுமாக இரண்டு படிகள் இருக்கும். ஹபாகியைக் காம்பின் வழியாக ஏற்றினால் அந்த இரண்டு படிகளிலும் ஒருங்கே சென்று அமர வேண்டும். முன்னும் போகக்கூடாது, ஆடவும் கூடாது.

முதல் பாடம் செம்பை இளக்குவது. செம்பை அடிக்க அடிக்க அது விறைத்துப் போகும். மேலும் அடித்தால் விரிசல் காணும். அப்போது அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் மறுபடி மென்மையாகிவிடும். காய்ந்த எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் அது கடினமாகும், செம்போ இளகும். அதே தீ, அதே தண்ணீர், விளைவோ வேறு! அவரவர் இயல்பறிந்து நடத்த வேண்டும் என்று நம் ஆசிரியைகள் சொல்வதை அன்று செம்பிலே கண்டேன்.

அடுத்து, கைப்பிடிப் பக்கம் தடித்தும், அலகுப் பக்கம் மெலிந்தும் இருக்குமாறு ஆப்பு வடிவில் அதை அடிக்க வேண்டும். பிறகு நடுவில் வளைத்துக் காம்பைச் சுற்றி மடக்க வேண்டும். மடிப்பு வாளின் முதுகுப் பக்கம் வரும். இரண்டு முனைகளும் கூர்ப் பக்கம் வந்து சந்திக்கும். அந்த முனைகளுக்கு இடையே அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய ஒரு செப்பு ஆப்பை வைத்து, வெள்ளிப் பொடியால் பற்றவைக்க வேண்டும். கூர்ப் பக்கத்துப் படி அந்தச் சிறு ஆப்பின் மேல்தான் அமரும். ஹபாகி முழுவதற்கும் உயிர்நாடி அதுவே. வேலை முடிந்த பின் அது யார் கண்ணுக்கும் படாது.

எளிதாகத்தான் தோன்றியது. என் முதல் ஹபாகி தீ மிகுந்து ஒரு மூலை உருகிப் போயிற்று. செம்பு உருகுவது 1,085 பாகை வெப்பத்தில். பற்றுப்பொடி அதற்கு வெகு முன்பே உருகிவிடும். அந்த இடைவெளிக்குள் கண்ணாலேயே நிறம் பார்த்துத் தீயிலிருந்து எடுத்துவிட வேண்டும். நான் வாய் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். இரண்டாவது, அலகில் ஏறவே மறுத்தது.

மூன்றாவதைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அதில் சிறு ஆப்பைச் சற்றுக் குறைத்து அராவிவிட்டேன். ஒரு பக்கம் மயிரிழை அளவு சந்து. மறுபடி புதிதாக ஆப்பு வெட்டச் சோம்பல். யார் பார்க்கப் போகிறார்கள் என்று, பற்றுப்பொடியை அள்ளி வைத்துச் சந்தை அடைத்துவிட்டேன். மேலே அரத்தால் அராவி, சாய்வான மெல்லிய கோடுகள் இட்டேன். சாரல் மழை போல இருப்பதால் அவ்வகைக் கோடுகளுக்கு மழையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பார்க்க மிக அழகாக இருந்தது. பெருமையோடு நீட்டினேன்.

சென்செய் அதை இரும்பில் ஏற்றினார். மரச் சுத்தியலால் ஐந்தாறு முறை மெல்லத் தட்டினார். கூர்ப் பக்கத்தில் ஒரு கோடு ஓடி, வாய் பிளந்தது. அவர் கோபிக்கவில்லை. கழிவுப் பெட்டியில் அதைப் போட்டுவிட்டு, எனக்குப் புரியும்படி மிக மெதுவாகச் சொன்னார்: "பொடி ஒட்டுவதற்கு. நிரப்புவதற்கு அன்று."

என் கை அப்படியே நின்றுவிட்டது. அதே சொற்களை நான் முன்பே கேட்டிருந்தேன். "பொடி ஒட்டுறதுக்குத்தான் தாயி, ஓட்டையை அடைக்கிறதுக்கு இல்லை." சொன்னவர் என் அப்பா.

தங்கைகளே, இப்போது அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா ஒரு நகைப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்தவர். அட்டிகையும் நெக்லஸும் செய்பவரல்லர். சங்கிலிக்குக் கொக்கி, தோட்டுக்குத் திருகாணியும் சுரையும், வளையலுக்குப் பூட்டு இவற்றைச் செய்வதே அவர் வேலை. உமித் தீயின் முன் அமர்ந்து, ஊதுகுழலால் ஊதி ஊதி அவர் கன்னங்கள் ஒட்டிப்போயிருந்தன. விரல் நுனிகள் எப்போதும் கறுத்தே இருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது.

1979-ஆம் ஆண்டு. நான் நம் பள்ளியில் எட்டாம் வகுப்பு. பெற்றோர் தினத்தன்று மழை வருவது போலிருந்ததால், நான் வீட்டில் மறந்து வைத்துவிட்ட குடையை எடுத்துக்கொண்டு அப்பா பட்டறையிலிருந்து நேரே வந்துவிட்டார். அழுக்கேறிய வேட்டி, கறுத்த கை. என் தோழிகளின் தந்தையர் சலவைச் சட்டையோடு நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். "யாரடி அது?" என்று ஒருத்தி கேட்டாள். வகுப்பில் சேர்ந்தபோதே 'தந்தையின் தொழில்: நகைக்கடை' என்று எழுதி வைத்திருந்தவள் நான். "எங்கள் கடை ஆள்" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா மூன்றடி தொலைவில் நின்றிருந்தார். குடையை என் கையில் கொடுத்தார். "நனையாம வா" என்றார். திரும்பிப் போய்விட்டார். அன்றிரவும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை; பிறகு என்றைக்கும் பேசவில்லை. அவர் காதில் விழுந்ததா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் துணிவு வரவில்லை. 1998-இல் அப்பா காலமாகிவிட்டார்.

ஜப்பானில் அந்தச் சனிக்கிழமை, நான்காவது ஹபாகியைப் பற்றவைக்கத் தீயின் அருகே உட்காரும் முன், கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பலகை மீது வைத்தேன். நான் 1982-இல் பத்தாம் வகுப்புத் தேறியபோது அப்பா செய்து போட்டது. சங்கிலியின் கண்ணிகள் தேய்ந்து, இரண்டு முறை வேறு கடையில் மாற்றியாகிவிட்டது. எஸ் கொக்கி மட்டும் அப்பா செய்தது. அன்று போலவே இருந்தது.

சென்செய் சங்கிலியை எடுத்தார். தங்கத்தை அவர் பார்க்கவில்லை. கொக்கியை மட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடரியில் படும் உட்புறத்தைக் கட்டைவிரலால் தடவினார். தலைமுடி சிக்காதபடி அந்த இடம் வழுவழுப்பாக இழைக்கப்பட்டிருந்தது. முப்பது ஆண்டுகளாக அணிந்திருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை! வேலைக்காரன் கண்தான் வேலைக்காரன் கையைக் காணும் போலும்.

"யார் செய்தது?" என்று கேட்டார்.

"என் அப்பா" என்றேன். "அவர் கொக்கி செய்பவர்."

ஜப்பானிய மொழியில் அதைச் சொல்ல எனக்கு அதிகம் சொற்கள் தேவைப்படவில்லை. ஆனால் அதைச் சொல்ல முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சென்செய் தலை தாழ்த்தி, "நல்ல வேலை" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உலையைப் பார்ப்பது போலப் பாவனை செய்தேன்.

நான்காவதும் சரியாக வரவில்லை. ஐந்தாவது ஹபாகி இரண்டு படிகளிலும் ஒருங்கே அமர்ந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். எங்கும் ஒளி கசியவில்லை. மரச் சுத்தியலால் தட்டினார்; அசையவில்லை. அதற்கு ஏழு மாதங்கள் ஆயின. நாங்கள் ஊர் திரும்பியபோது அதை எனக்கே தந்துவிட்டார். ஒரு வாளுக்குச் செய்த ஹபாகி இன்னொரு வாளுக்குப் பொருந்தாது. ஆகவே என்னிடம் இருப்பது எந்த வாளுக்கும் பயன்படாத ஒன்று. என் மேசை மீது இருக்கிறது. வீட்டுக்கு வருவோர் அதை ஏதோ பெரிய மோதிரம் என்று எண்ணி விரலில் போட்டுப் பார்ப்பார்கள்.

அதைத் துடைப்பதற்காகக் கையில் எடுக்கும்போதெல்லாம் அப்பாவை நினைத்துக்கொள்வேன். அவர் செய்த கொக்கிகளும் சுரைகளும் இன்னும் எத்தனை பெண்களின் கழுத்திலும் காதிலும் நகை விழாமல் காத்துக்கொண்டிருக்கின்றனவோ! அந்தப் பெண்களுக்கு அவர் பெயர் தெரியாது. அவரிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பை இனிக் கேட்க வழியில்லை. ஆகவே அந்தப் பொய்யைச் சொன்ன இதே பள்ளியின் மலரிலேனும் உண்மையை எழுதிவிட வேண்டுமென்றுதான் சகோதரியிடம் இந்தப் பொருளைக் கேட்டு வாங்கினேன்.

தங்கைகளே, வருகிற ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வகுப்பாசிரியை உங்களிடம் ஒரு படிவம் தருவார். அதில் பெற்றோரின் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கும். உங்கள் தந்தையும் தாயும் எந்த வேலை செய்தாலும் அதை முழுமையாக, தெளிவான கையெழுத்தில் எழுதுங்கள். நான் எழுதியிருக்க வேண்டியது இது:

தந்தையின் தொழில்: நகைகளுக்குக் கொக்கியும் திருகாணியும் செய்பவர்.